ரோசலினின் ஐந்து மணிப் பாரம்

ரோசலினைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் குரலில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வெங்காயப் பேட்டையில் லாரி இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த ஷெட்டிலிருந்து அந்த ஷெட்டுக்குப் பேசிப் பழகிய குரல். ஆலயத்துக்குள் வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆண்டவரே" என்று அவள் ஆரம்பித்தால், உத்தரத்தில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் எழுந்து வேறு இடம் பார்க்கும். பரலோகம் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு தூரமாக இருந்தாலும் ரோசலினுக்கு மைக் தேவையில்லை.

நான் திண்டுக்கல்லில் ஒரு சபையின் கோயில்பிள்ளை. ஆலயத்தைத் திறப்பது, பூட்டுவது, மணி அடிப்பது, பெருக்குவது, மின்விசிறியை நிறுத்தாமல் போகிறவர்களைத் திட்டுவது எல்லாம் என் வேலை. ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருக்கிறது, அதை யாரும் உபயோகிப்பதில்லை. எல்லாருக்கும் நான் சின்னக்கண்ணு. மற்றவர்கள் ஜெபிப்பதை ஒட்டுக்கேட்கிறவன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். பெருக்குகிறவனுக்கும் காது இருக்கிறது, அவ்வளவுதான். ரோசலின் விஷயத்தில் காது இருந்துதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

அவள் சித்தையன்கோட்டைப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகித் திண்டுக்கல் வந்த கையோடு கண்ணுசாமி என்கிற ஏற்றுமதி வியாபாரியின் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். காட்டிலிருந்து சின்ன வெங்காயம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய்ந்த தாளையும் வேரையும் நறுக்கி, தொலியை உதறி, பெரிசு சிறிசு பார்த்துப் பிரித்துப் போடுவார்கள். உருண்டு திரண்ட நல்ல வெங்காயமெல்லாம் கப்பலேறி வெளிநாடு போகும். சூம்பியது நமக்கு. அந்த ஷெட்டில் ரோசலின்தான் மேஸ்திரி மாதிரி. அவளை யாரும் மேஸ்திரியாகப் போடவில்லை. அவள் சத்தம் போட்டாள், மற்றவர்கள் கேட்டார்கள், அப்படியே நிலைத்துவிட்டது.

அந்த வேலை அவளுக்குக் கொடுத்த ஒரு விசேஷம், கண்ணில் தண்ணீர் வராது. வெங்காயத்தோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதில் கண் மரத்துப்போய்விட்டது. துக்க வீட்டில் எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் காய்ந்த கண்ணோடு, யாருக்குக் காப்பி வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பாள். கல்நெஞ்சுக்காரி என்று சபையில் சில பேர் முணுமுணுப்பார்கள். அந்தச் சில பேர் வீட்டுத் துக்கத்துக்கும் அடுப்பு மூட்டியது அவள்தான். அதை நான் சொல்லிக் காட்டினால் எனக்குத்தான் கெட்ட பெயர்.

போன பார்லிமென்ட் தேர்தல் சமயத்தில் நடந்த கதை இது. அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், வெங்காயத்தை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று டெல்லியில் உத்தரவு போட்டார்கள். உள்ளூரில் விலை ஏறிவிடக் கூடாதே என்பதற்காகப் போட்ட உத்தரவு. வாங்கித் தின்கிறவனுக்கு நல்லதுதான். ஆனால் கண்ணுசாமியின் ஷெட் மூடிக்கொண்டது.

கண்ணுசாமி கெட்ட மனிதர் இல்லை. பெண்கள் எல்லாரையும் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார்.

"ஏத்தா, கப்பல் போகாம நான் சரக்க எங்கிட்டு அனுப்ப? சித்திர முடியுற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள டெல்லில தடைய எடுத்தாகன்னா சரி. இல்லேன்னா பந்தல் சாமான் போட்டு வைக்க ஷெட்ட ஒருத்தரு கேக்குறாரு, விட்டுருவேன். அப்புறம் வந்து என்னையக் கொற சொல்லப்படாது."

பந்தல் சாமான் ஒரு தடவை உள்ளே போனால் வெங்காயம் அந்த ஷெட்டுக்குத் திரும்பி வராது. அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் அது தெரியும். சாணார்பட்டியிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும் மூக்காயி, ரோசலினின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏ ரோசலினு, எங்க காளியம்மாகிட்ட நான் சொல்லுறேன். உங்க ஏசப்பாகிட்ட நீ சொல்லு. யாரு முந்துறாகன்னு பாப்பம்."

"பாப்பமே," என்றாள் ரோசலின்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து காலம் தொடங்கியது. எங்கள் போதகர் அருள்நாதன், தேசத்துக்காகச் சங்கிலி ஜெபம் என்று அறிவித்தார். அன்று முதல் ஓட்டு எண்ணும் நாள் வரை, தினமும் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை, மணிக்கு ஒருவர் ஆலயத்தில் முழங்காலில் நிற்க வேண்டும். ஆளப்போகிறவர்களுக்காகவும், இப்போது ஆளுகிறவர்களுக்காகவும், அவர்கள் எடுக்கும் முடிவுகளுக்காகவும் ஜெபிக்க வேண்டும். கட்சிப் பெயரை வாயில் எடுக்கக் கூடாது. இந்தச் சட்டத்தால் நடந்த வேடிக்கைகளைத் தனியாக எழுதலாம். ஒரு பெரியவர் தினமும், "நான் யாரச் சொல்றேன்னு உமக்கே தெரியும் ஆண்டவரே" என்று ஆரம்பித்து அதோடு முடித்துக்கொள்வார்.

போதகர் இன்னொரு சட்டமும் போட்டார். இதற்கு முந்தின சங்கிலி ஜெபத்தில் அடுத்த ஆள் வருவதற்குள் முந்தின ஆள் எழுந்து போய், சங்கிலி பல இடத்தில் அறுந்துவிட்டது. அதனால் இந்த முறை 'பாரம் வாங்குவது' என்று ஒரு வழக்கம். அடுத்தவர் வந்து பக்கத்தில் முழங்கால் போட வேண்டும். முந்தினவர் தன் மனப்பாரத்தை ஒரே வரியில் சொல்ல வேண்டும். வந்தவர் அதைத் தன் வாயால், சத்தமாக, ஆண்டவரிடம் சொல்லி ஆமென் போட வேண்டும். அதற்கப்புறம்தான் முந்தினவர் எழுந்திருக்கலாம். மாலையில் கடைசி ஆளின் பாரத்தை நான் கேட்டு வைத்துக்கொண்டு, மறுநாள் காலை முதல் ஆளிடம் ஒப்படைக்க வேண்டும்.

"நீங்களும் ஒரு மணி நேரம் எடுத்துக்கிறலாம்ல சின்னக்கண்ணு?" என்று போதகர் கேட்டார்.

"பெருக்குறதும் ஜெபந்தான ஐயா," என்று சொல்லிவிட்டேன். முழங்கால் போட்டால் என்னால் எழுந்திருக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ரோசலினுக்கு மூன்று மணி கிடைத்தது. நாலு மணி அவளுடைய நாத்தனார் பிரிஸ்கில்லாவுக்கு.

பிரிஸ்கில்லா, ரோசலின் கணவரின் தங்கை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்ன பிரியாணிக் கடை. அவள் கணவர் அடுப்பைப் பார்ப்பார், இவள் மற்ற எல்லாவற்றையும் பார்ப்பாள். மதியக் கூட்டம் முடிந்து ராத்திரிக்கு அரிசி ஊறுகிற இடைவெளியில் ஆலயத்துக்கு வந்து போவாள். மூட்டை தூக்குகிறவர்கள், டிரைவர்கள், என்னைப் போன்றவர்கள் சாப்பிடுகிற கடை. இலையில் தயிர் வெங்காயம் கேட்கக் கேட்க வைப்பாள். நானும் மதியம் அங்கேதான் சாப்பிடுகிறேன். ஆகையால் நான் நடுநிலைமையோடு சொல்கிறேன் என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

முதல் நாள் ரோசலின் ஆண்டவரிடம் கமிஷன் கடைக்காரரிடம் பேசுவது மாதிரியே பேசினாள்.

"ஆண்டவரே, டெல்லில பெரிய நாற்காலில உக்காந்துருக்குறவுகளுக்கு நல்ல புத்தியக் குடும். அவுகளையும் நீர்தான உண்டாக்குனீரு? பெரிய வெங்காயத்துக்குத் தட போட்டாகன்னா அது அவுக பாடு. இந்தச் சின்ன வெங்காயம் என்ன பாவம் செஞ்சுச்சு? அம்புட்டுப் பொம்பளைக வேலையில்லாம உக்காந்துருக்கோம். சித்திரதான் கெடு. நல்லா யோசிச்சு ஒரு முடிவச் சொல்லும்."

நாலு மணிக்குப் பிரிஸ்கில்லா வந்து பக்கத்தில் முழங்கால் போட்டதும் ரோசலினுக்குக் கூச்சம் வந்துவிட்டது. தேசத்துக்கான ஜெபத்தில் வெங்காயத்தை எப்படிச் சொல்வது? "தேசம் நல்லாருக்கணும். அதான் என் பாரம்," என்றாள். பிரிஸ்கில்லா அதைச் சொல்லி ஆமென் போட்டாள். ரோசலின் வெளியே போனாள். குடையை மறந்து வைத்துவிட்டுப் போனவள், அதை எடுக்கத் திரும்பி வந்தாள்.

உள்ளே பிரிஸ்கில்லா மெல்லிசான குரலில், நிறுத்தி நிதானமாக ஜெபித்துக்கொண்டிருந்தாள். "ஆண்டவரே, வெங்காய வெல இப்படியே இருக்கட்டும். இப்பத்தான் கடையில நாலு காசு நிக்குது. தடைய எடுத்துராதபடிக்குப் பாத்துக்கங்க."

ரோசலின் குடையை வெடுக்கென்று எடுத்தாள். பிறகு நேராகக் குழாயடியில் வாளி நிரப்பிக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள்.

"அண்ணே, கேட்டீகளா இந்தக் கூத்த? நான் முட்டி தேய ஒரு மணி நேரம் கேட்டுட்டுப் போறேன். இவ பின்னாலயே வந்து எல்லாத்தையும் அழிச்சுப்புட்டுப் போறா."

"அவ கஷ்டம் அவளுக்கு தாயி."

"இருக்கட்டும். ஏலத்துல கடேசிக் குரலுக்குத்தான அண்ணே சரக்கு? முன்னால எம்புட்டுக் கத்தியிருந்தா என்ன, கடேசியா யாரு கேட்டாகளோ அவுகளுக்குத்தான முடியும்?"

பேட்டையில் காலமெல்லாம் ஏலம் கேட்டு வளர்ந்தவளிடம் நான் என்ன வேதாந்தம் பேச? அன்றே போதகரைப் போய்ப் பார்த்து, தனக்கு ஐந்து மணி வேண்டும் என்று கேட்டாள். ஐந்து மணிக்கு இருந்தவர் ஓய்வுபெற்ற குமாஸ்தா. டிவியில் செய்தி பார்க்க முடியவில்லையே என்று புழுங்கிக்கொண்டிருந்தவர், சந்தோஷமாக மூன்று மணிக்கு மாறிக்கொண்டார். போதகருக்கோ ஏகப்பட்ட மகிழ்ச்சி. "கடைசி மணி நேரந்தான் எல்லாரும் வேணாம்னு சொல்லுவாங்க. உங்க வாஞ்சை யாருக்கும் வராது ரோசலினம்மா," என்றார். ரோசலின் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்க நான் குனிந்து பெருக்க வேண்டியதாகப் போயிற்று.

கடைசிக் குரல் கிடைத்த ஆனந்தத்தில் ஒன்றை அவள் யோசிக்கவில்லை. மறுநாள் ஐந்து மணிக்கு, ஏலம் எடுத்த முகத்தோடு வந்து, பிரிஸ்கில்லாவுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டாள்.

"சொல்லு பிரிஸ்கி, உன் பாரம் என்ன?"

பிரிஸ்கில்லாவுக்கு ஒளிவு மறைவு தெரியாது. "வெங்காய வெல ஏறக் கூடாது மதினி."

நான் துடைப்பத்தை நிறுத்திவிட்டேன். ரோசலினுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வரியை இனி தினமும் அவள்தான் சொல்ல வேண்டும். அவள் வாயால், சத்தமாக. முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. இருமினாள். "ஆண்டவரே" என்றாள். மறுபடி இருமினாள். பிறகு உதடு மட்டும் அசைந்தது.

"மதினி, கேக்கல."

"உனக்கெதுக்குடி கேக்கணும்? ஆண்டவருக்குக் கேட்டாப் போதாதா?"

"சத்தமாச் சொல்லணும்னு ஐயா சொல்லியிருக்காருல்ல. நீங்க சொல்லாம நான் எந்திரிக்க முடியாது. கடையில அரிசி ஊறுது."

ரோசலின் மூச்சை இழுத்தாள். "ஆண்டவரே, வெங்காய வெல ஏறக் கூடாது! ஆமென்!" என்று ஒரு போடு போட்டாள். புறாக்கள் அத்தனையும் வெளியே பறந்தன. பிரிஸ்கில்லா முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "தோத்திரம் மதினி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் ரோசலின் அவசர அவசரமாக ஆரம்பித்தாள். "ஆண்டவரே, இப்பச் சொன்னது அவ பாரம். என் பேருல ஏத்திராதிரும்."

இப்படியே நாள் போயிற்று. தினமும் ஐந்து மணிக்கு அவள் வாயால் வெங்காய விலை ஏறக் கூடாது. பிறகு ஒரு மணி நேரம் தடையை எடுக்க வேண்டும். ஆறு மணிக்கு என்னிடம், "தேசம் நல்லாருக்கணும்னு சொல்லி வைங்கண்ணே." ஆண்டவர் இருவரையும் பார்த்து என்ன நினைத்தாரோ, எனக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

ஆனால் தினமும் ஒரே வரியைச் சொல்லும்போது மனசு சும்மா இருப்பதில்லை. ஒரு நாள் ரோசலின், ஆமென் போடுவதற்கு முன்னால், "ஏன்டி, வெல ஏறுனா அப்படி என்னதான் ஆகும் உனக்கு?" என்று எரிச்சலாகக் கேட்டாள்.

"முன்ன ஒருக்க ஏறுனப்ப தயிர் வெங்காயத்துல வெள்ளரிக்காய நறுக்கிப் போட்டு ஒப்பேத்துனேன் மதினி. சாப்பிட்ட ஆளுக ஒண்ணும் சொல்லல. மறுநாள்லருந்து வரல, அம்புட்டுத்தான். அவுகளத் திரும்ப வர வைக்க நாங்க பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும்."

அப்படி வராமல் நின்றவர்களில் நானும் ஒருவன் என்பதால், நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன். வெள்ளரிக்காய் எனக்குச் சேராது.

தடை மார்ச் கடைசியோடு முடியும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். முடிவதற்குள்ளேயே, மறு உத்தரவு வரும்வரை தடை தொடரும் என்று டெல்லியிலிருந்து செய்தி வந்துவிட்டது. அன்று ஐந்து மணிக்கு ரோசலின் வந்தாள். பிரிஸ்கில்லாவின் பாரத்தை வாங்கினாள். பிறகு ஒரு மணி நேரமும் வாயைத் திறக்கவில்லை. புறாக்கள் பயந்துபோய்க் கீழே எட்டிப் பார்த்தன. வீட்டுக்குப் போகும் வழியில் போதகர் அவளை நிறுத்தி, "சோர்ந்துபோகாமக் கேளுங்கம்மா," என்று தேற்றினார்.

"எனக்குச் சோர்வில்லைங்கய்யா. ஒரே ஆளு தினமும் வந்து ஒண்ணையே கேக்குதேன்னு அவருக்குச் சலிச்சுப் போயிருமோன்னுதான் பாக்குறேன்."

"அவருக்குச் சலிக்காதும்மா."

"அப்பச் சரி," என்றாள். மறுநாள் பழைய குரலோடு வந்தாள்.

ஈஸ்டர் போயிற்று. ஏப்ரலில் எங்கள் ஊரில் ஓட்டுப்பதிவும் முடிந்தது. விரலில் மை வைத்த கையோடு சபை மக்கள் ஜெபத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். நாம் போட வேண்டியதைப் போட்டாயிற்று, இனி ஆண்டவர் எண்ணிக்கொள்வார் என்கிற நினைப்பு. ஓட்டு எண்ண இன்னும் எத்தனையோ நாள் கிடந்தது. "உமக்கே தெரியும்" பெரியவர் காணாமல் போனார். காலை ஆறு மணிக்காரர் வருவதை நிறுத்தினார். குமாஸ்தா டிவிக்குத் திரும்பினார். சங்கிலியில் நாலு மணியும் ஐந்து மணியும் மட்டும் அறாமல் நின்றன. ஒருத்தி விட்டால் இன்னொருத்தி ஜெயித்துவிடுவாளே என்கிற பயம்தான் இருவரையும் கட்டி இழுத்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் ரோசலின் கை வறண்டது. கணவர் லாரியில் போகிறவர். ஒருவர் சம்பாத்தியம் எது வரைக்கும் வரும்? ஒரு மதியம் நான் சாப்பிடப் போனபோது, பிரிஸ்கில்லா கடையின் பின்பக்கம் ரோசலின் பிரியாணி அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் கரி.

"வீட்டுல சும்மா உக்காந்துருந்தா கை அரிக்குதுண்ணே," என்றாள், நான் கேட்காமலே.

பக்கத்தில் ஒரு கூடை நிறைய உரிக்காத வெங்காயம். "அதையும் உரிச்சுக் குடுத்துரலாம்ல?" என்றேன்.

"எங்க ஷெட்ட மூட வச்ச இந்தச் சல்லிசு வெங்காயத்த நான் தொட மாட்டேன்," என்று அண்டாவுக்குள்ளிருந்து பதில் வந்தது. சொன்னபடி தொடவும் இல்லை. பாத்திரம் தேய்த்தாள், இலை எடுத்தாள், மேஜை துடைத்தாள். வெங்காயக் கூடையைத் தாண்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பிரிஸ்கில்லா வெங்காயம் உரித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்திரையும் கரைந்துகொண்டு வந்தது. பந்தல் சாமான்காரர் டேப்போடு வந்து ஷெட்டை அளந்து பார்த்துவிட்டுப் போனார் என்று மூக்காயி போன் செய்து சொன்னாள். அன்று ஐந்து மணிக்கு ரோசலின் முழங்கால் போட்டபோது, கரியைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்திருந்தாள்.

"சொல்லு பிரிஸ்கி. வெங்காய வெல ஏறக் கூடாது, அதான?"

பிரிஸ்கில்லா அந்தக் கரிக் கையைப் பார்த்தாள். "இல்ல மதினி. ஷெட்டு தெறக்கணும்."

"என்னது?"

"அதான் என் பாரம். வாங்கிக்கங்க."

"அது என் பாரம்டி."

"நான் ஆண்டவர்கிட்டக் கேட்டுட்டேன், இப்ப என்னுது. சொல்லுங்க, அரிசி ஊறுது."

"ஷெட்டு தெறந்தா வெல ஏறிருமேடி."

"ஏறட்டும். வெள்ளரிக்கா வாங்கிக்கிறேன்."

ரோசலின் வாயைத் திறந்தாள். லாரிச் சத்தத்தை ஜெயித்த அந்தக் குரல் எங்கே போயிற்றோ, வரவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கே கேட்குமோ கேட்காதோ என்கிற மாதிரி, "ஆண்டவரே, ஷெட்டு தெறக்கணும்," என்றாள். பிரிஸ்கில்லா அன்று கேட்கவில்லை என்று சொல்லவில்லை. அவளே ஆமென் போட்டுவிட்டு எழுந்து போனாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஏற்கனவே துடைத்த தூணையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, தடையை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. வரி போட்டுத்தான் விட்டார்கள், ஆனாலும் கப்பல் போகலாம். கண்ணுசாமி பந்தல் சாமான்காரரை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டு, பெண்களுக்கு ஆள் விட்டார். மூக்காயி அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கி, "எங்க காளியம்மாதான் முந்துனா" என்றாள். "போடி, எங்க ஆளு போன மாசமே உத்தரவு போட்டாச்சு, டெல்லிக்காரகதான் லேட்டு" என்றாள் ரோசலின். வழக்கு இன்னும் தீரவில்லை.

திங்கட்கிழமை ஷெட் திறந்தது. ரோசலின் தன் பழைய இடத்தில் உட்கார்ந்து அரிவாள்மனையை இழுத்துப் போட்டு, முதல் பிடியை நறுக்கியதும், அவள் கண் இரண்டும் பொலபொலவென்று கொட்டியது. மாசக்கணக்கில் வெங்காயத்தைத் தொடாமல் இருந்ததில் மரத்துப்போன கண் மறுபடி பிழைத்துக்கொண்டது. புதுசாக வேலைக்கு வந்த பெண்ணைப் போல மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். மூக்காயி முந்தானையால் விசிறிவிட்டாளாம். ஷெட் முழுக்க ஒரே சிரிப்பு என்று கேள்வி.

அன்று மாலை யாரும் வரமாட்டார்கள் என்றே நான் முடிவு செய்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நன்றி சொல்லியாகிவிட்டது. நாலு மணிக்குப் பிரிஸ்கில்லா வரவில்லை. பேட்டையில் விலை அதற்குள் கொஞ்சம் ஏறியிருந்தது. மதியம் நான் சாப்பிடும்போதே தயிருக்குள் வெங்காயத்தைத் தேட வேண்டியிருந்தது. பூட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஐந்து மணி. எதிரே ரோசலின் வந்துகொண்டிருந்தாள். ஷெட்டிலிருந்து நேராக வருகிறாள். கண் சிவந்து வீங்கி, இன்னும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"உனக்குத்தான் கெடச்சிருச்சே தாயி. இன்னும் என்ன?"

"ஓட்டு எண்ணுற வரைக்குமின்னுதான ஐயா சொன்னாரு?" என்று கேட்டபடியே உள்ளே போனாள்.

பக்கத்தில் பாரம் கொடுக்க ஆளில்லை. வெறும் தரையைப் பார்த்துவிட்டு முழங்கால் போட்டாள்.

"ஆண்டவரே, பிரிஸ்கி வரல. அவளுக்குக் கடையில வேல. அவ பாரம் எனக்குத் தெரியும்." மூச்சை இழுத்தாள். "வெங்காய வெல ஏறக் கூடாது!"

புறாக்கள் பறந்தன. யாரும் 'கேக்கல' என்று சொல்லாமலே அவ்வளவு சத்தம்.

"எங்க ஷெட்டும் ஓடணும். அவ அடுப்பும் எரியணும். ரெண்டும் எப்படி ஒத்து வரும்னு எனக்குத் தெரியல. டெல்லில இருக்குறவுகளுக்கும் தெரியாது போலருக்கு. பாவம், இந்தப் பக்கம் நான் கத்துறேன், அந்தப் பக்கம் அவ கத்துறா, நடுவுல உக்காந்து அவுக முழிக்கிறாக. நாளைக்கு யாரு வந்து அந்த நாற்காலில உக்காந்தாலும் அவுகளுக்கும் இதே பாடுதான். அவுகளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடும் ஆண்டவரே. திட்டாமச் சொல்லிக் குடும்."

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. வெங்காயமா என்று நான் கேட்கவில்லை.

ஆறு மணி அடித்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, வாங்க. வந்து வாங்கிக்கங்க."

"எப்பவும் போல என்கிட்டச் சொல்லிட்டுப் போ. காலைல சொல்லிர்றேன்."

"காலைல யாரு வாரா?"

காலை ஆறு மணிக்காரர் வந்து எத்தனையோ நாளாயிற்று.

"நீங்க வாங்காம நான் எந்திரிக்க முடியாது. முட்டி மரத்துப்போச்சுண்ணே."

துடைப்பத்தைச் சுவரில் சாத்தினேன். பூட்டைத் தரையில் வைத்தேன். தூணைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக மடக்கி அவள் பக்கத்தில் முழங்கால் போட்டேன். என் மூட்டு போட்ட சத்தத்தில், திரும்பி வந்த புறாக்கள் மறுபடி யோசித்தன.

"சொல்லு தாயி."

"வெங்காய வெல ஏறக் கூடாது."

சொன்னேன். தயிர் வெங்காயத்தை நினைத்துக்கொண்டு சொன்னதாகவே இருக்கட்டும், மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். ஆமென் போட்டதும் அவள் எழுந்து குடையை எடுத்தாள்.

"இம்புட்டு அவசரமா எங்க ஓடுற?"

"பிரிஸ்கி கடைக்கு. வெங்காயம் உரிக்கணும். தொலியோட பாதி வெங்காயத்தையும் சேத்துல்ல எறியுறா அவ. விக்கிற வெலைக்கு!"

வாசல் வரைக்கும் போனவள் திரும்பிப் பார்த்தாள். நான் இன்னும் முழங்காலில்தான் இருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை என்பது ஒன்று. என்னிடம் வாங்கிக்கொள்ள அடுத்த ஆள் இல்லை என்பது இன்னொன்று.

"நீ போ தாயி. நான் செத்த நேரம் இருந்துட்டு வாரேன்," என்றேன்.

"இருங்க இருங்க," என்றாள் ரோசலின். "ஆனா சத்தமாச் சொல்லுங்கண்ணே. நான் தெருமுக்கு திரும்புற வரைக்கும் எனக்குக் கேக்கணும்."